எஞ்சின் எது மேல உக்காரப் போகுது? - புழல் அம்பாசிடரும் மூணு ரப்பர் கட்டையும்

பழைய கார் வைத்திருப்பவர்கள் எஞ்சினை மாற்ற முடிவெடுத்தால், முதலில் விசாரிப்பது விலையை. அடுத்து மைலேஜ். அதற்கடுத்து, எவ்வளவு ஸ்பீடு போகும் என்பது. அந்த எஞ்சின் வண்டிக்குள் எதன் மேல் உட்காரப் போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வொர்க்‌ஷாப்களில் அதன் பெயர் 'மவுண்டிங்'. இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஒட்டிய ஒரு ரப்பர் கட்டை, அவ்வளவுதான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால், பல லட்சம் செலவு செய்து மாற்றிய வண்டியில் வீட்டுப் பெரியவர்கள் ஏறுவார்களா, மாட்டார்களா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தக் கட்டைதான். புழலைச் சேர்ந்த 48 வயதுக்காரர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்பு இதைத் தெரிந்துகொண்டார்.

அம்மா சொன்ன ஒரு வார்த்தை

அவருக்கு வேலை மணலி பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில். வீட்டில் நிற்பது 1978-ம் வருட அம்பாசிடர். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா ஆசை ஆசையாக வாங்கியது. அப்பா போய் ஏழு வருடம் ஆகிறது. வண்டி மட்டும் இருக்கிறது.

அந்த வண்டிக்கு ஒரு நிரந்தர வேலை உண்டு. வடசென்னைக்காரர்களுக்குத் தெரிந்த வழக்கம்தான்: பௌர்ணமி அன்று காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சி வேளையில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயல் கொடியிடையம்மன். மூன்று கோயிலையும் ஒரே நாளில் தரிசிக்க வேண்டும். 74 வயது அம்மாவை அப்பா அழைத்துப் போன அதே வண்டியில் இப்போது மகன் அழைத்துப் போகிறார்.

கடந்த ஒரு வருடமாகவே வண்டி நடுங்க ஆரம்பித்திருந்தது. ஓடும்போது அவ்வளவாகத் தெரியாது, நின்றால்தான் தெரியும். அந்தப் பக்கம் நிற்காமல் போக முடியுமா? துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் அரை மணி நேரம் சாதாரணம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணாடி அதிரும், கதவு கடகடக்கும், ஸீட் வழியாக அந்த நடுக்கம் முதுகுத்தண்டில் ஏறும்.

ஒரு பௌர்ணமி அன்று திருவொற்றியூரில் இறங்கிய அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்கப்பா ஓட்டும்போது இப்படி நடுங்காதுடா. அடுத்த மாசத்துலேருந்து நான் ஆட்டோவுலயே போய்க்கிறேன்."

சாதாரணமாகச் சொன்னதுதான். ஆனால், அவருக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அம்மாவே ஏறாத வண்டியை எதற்கு வைத்திருக்க வேண்டும்?

எஞ்சின் மேல் விழுந்த பழி

வண்டி நடுங்குகிறது, புகையும் விடுகிறது. அப்படியென்றால் எஞ்சின் முடிந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். அவர் தெருவில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொன்னார்கள்.

அம்பாசிடருக்கு எஞ்சின் மாற்றுவது ஒன்றும் புதிதல்ல. 1957-ல் மேற்கு வங்க மாநிலம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இதைத் தயாரிக்கத் தொடங்கியது. 2014 மே மாதம் அந்தத் தொழிற்சாலை நிற்கும்வரை வண்டியின் உருவம் பெரிதாக மாறவில்லை. உள்ளே இருந்த எஞ்சின்தான் மாறிக்கொண்டே வந்தது. நெடுங்காலம் ஓடியது இங்கிலாந்து வடிவமைப்பான 1,489 சி.சி பெட்ரோல் எஞ்சின். பிறகு டீசல் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசூ வடிவமைத்த 1,817 சி.சி பெட்ரோல் எஞ்சினைக் கம்பெனியே பொருத்தித் தந்தது.

சென்னையிலும் ஒரு கார் தொழிற்சாலை இப்படிச் செய்திருக்கிறது. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ், 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைக் கொண்டுவந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி-1. உள்ளே இருந்தது அதற்கும் பல்லாண்டு முந்தைய ஸ்டாண்டர்டு வான்கார்டின் 2 லிட்டர் எஞ்சின். பார்க்கக் கம்பீரமான அந்த கார் விற்கவில்லை. சில ஆண்டுகளிலேயே கதை முடிந்தது. எந்த உடம்புக்குள்ளும் எந்த எஞ்சினையும் வைத்துவிடலாம் என்பதில்லை.

நம்மவருக்கு வந்த யோசனை, வேனிலிருந்து கழற்றிய ஒரு டீசல் எஞ்சின். விலை மலிவு, கையோடு கியர்பாக்ஸும் வரும். 'பிராக்கெட் வெல்டு பண்ணி, லாரி ரப்பர் வெச்சு உக்கார வெச்சுடலாம்' என்று சொன்னார்கள். அட்வான்ஸ் கொடுக்கப் பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஜி.என்.டி ரோட்டில் இருக்கும் பழைய மெக்கானிக் ஒருவரிடம் போனார். அப்பா காலத்திலிருந்து வண்டியைப் பார்க்கும் கை அது. எல்லோருக்கும் அவர் 'பாய்'.

பாய் கதை முழுவதையும் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எஞ்சின் கிடைக்கும் தம்பி, அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. அதை எது மேல உக்கார வெக்கப் போற?"

புல்லட்டும் அன்னமும்

மவுண்டிங் என்ன வேலை செய்கிறது என்பதை அறிய வடசென்னையில் எளிய வழி ஒன்று உண்டு. திருவொற்றியூரில் பிறந்த பழைய புல்லட்டில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். அதில் எஞ்சினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ரப்பர் கிடையாது. இரும்போடு இரும்பு முடுக்கப்பட்டிருக்கும். அந்த அதிர்வை ரசிப்பவர்கள் உண்டு. ஆனால், 74 வயது முதுகுவலிக்காரரை அதில் ஏற்ற முடியாது.

ஆரம்ப காலத்தில் கார்களும் இப்படித்தான் நடுங்கின. 1931-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எஞ்சினை ரப்பர் மேல், அதன் எடை சமநிலையாகும் அச்சைச் சுற்றி ஆடும்படி உட்கார வைத்தார்கள். எஞ்சின் ஆடும், உட்கார்ந்திருப்பவர் ஆட மாட்டார். அந்த உரிமையை வாங்கிய பிரான்ஸின் சித்ரோன், நீரில் மிதக்கும் அன்னத்தைத் தன் சின்னத்தோடு சேர்த்துக்கொண்டது. இன்று நாம் ஓட்டும் கார்களின் ரப்பர் மவுண்டிங்குகள் அந்த அன்னத்தின் வாரிசுகள்.

நீளவாக்கில் எஞ்சின் வைத்த பழைய கார்களில், பெரும்பாலும் முன்னால் இரண்டு பக்கமும் மவுண்டிங் இருக்கும். பின்னால் கியர்பாக்ஸுக்கு அடியிலும் உண்டு. அவற்றுக்கு மூன்று வேலைகள்: எடையைத் தாங்க வேண்டும், எஞ்சின் திமிறும்போது பிடித்து வைக்க வேண்டும், நடுக்கத்தை பாடிக்கு விடாமல் தடுக்க வேண்டும்.

இதில் ஒரு முரண்பாடு உண்டு. பிடித்து வைக்க ரப்பர் கெட்டியாக இருக்க வேண்டும். நடுக்கத்தைத் தடுக்க மெதுவாக இருக்க வேண்டும். மவுண்டிங் தேர்வு என்பதே இந்த இரண்டுக்கும் நடுவே இடம் கண்டுபிடிப்பதுதான்.

ஊஞ்சல் கணக்கு

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 12.5 சுற்று. ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர்கள் வெடிக்கும். ஆக, வினாடிக்கு 25 உதை.

ரப்பர் மேல் உட்கார்ந்த எஞ்சினுக்கும் ஊஞ்சல் போலச் சொந்தத் தாளம் ஒன்று உண்டு. எடை தாங்காமல் ரப்பர் எவ்வளவு அமுங்குகிறதோ, அதை வைத்தே அந்தத் தாளத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். இரண்டரை மில்லிமீட்டர் அமுங்கினால், வினாடிக்கு சுமார் 10 ஆட்டம். 25 உதைக்கு அது ரொம்பத் தள்ளி இருப்பதால், நடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பாடிக்குப் போகும். ரப்பர் ரொம்பக் கெட்டியாகி அரை மில்லிமீட்டர்கூட அமுங்காவிட்டால், அந்தத் தாளம் 25-ஐ நெருங்கிவிடும். ஊஞ்சல் வரும் நேரம் பார்த்துத் தள்ளுவது போல ஒவ்வொரு உதையும் சேர்ந்து பெரிதாகும். நடுக்கம் குறைவதற்குப் பதிலாகக் கூடும்.

'லாரி ரப்பர் போட்டுடலாம்' என்ற யோசனை தப்பாவது இங்கேதான். லாரி எஞ்சினின் எடைக்காகச் செய்த ரப்பர், கார் எஞ்சினின் எடைக்கு அமுங்கவே அமுங்காது. 'ஸ்ட்ராங்கா இருக்கும்' என்று சொல்வது உண்மை. அதுதான் கோளாறும்.

ரப்பரின் கெட்டித்தன்மையை 'ஷோர் ஏ' என்ற அளவில் சொல்வார்கள். கார் மவுண்டிங்குகள் பொதுவாக 40-லிருந்து 70-க்குள் இருக்கும். கடைகளில் பளபளவென்று சிவப்பிலும் மஞ்சளிலும் கிடைக்கும் பாலியூரித்தேன் மவுண்டிங்குகள் அதைவிடக் கெட்டி. எஞ்சினை அசையாமல் பிடிக்கும், எண்ணெய்க்கும் அசராது, ரேஸ் ஓட்டுபவர்களுக்கு நல்லது. ஆனால், கோயிலுக்குப் போகும் வண்டிக்கு அது வேண்டாம்.

67 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்த ரப்பர்

'அப்ப மெதுவான ரப்பரா போட்டுட்டா போச்சு' என்று தோன்றலாம். அதிலும் ஆபத்து இருக்கிறது.

100 நியூட்டன்-மீட்டர் திருகுவிசை தரும் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். முதல் கியரில் அது மூன்றரை மடங்காகும். அதே அளவு விசை எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். முன் மவுண்டிங்குகளுக்கு நடுவே அரை மீட்டர் இடைவெளி என்றால், ஒரு பக்கம் சுமார் 70 கிலோ அளவுக்கு மேலே இழுக்கும். மறுபக்கம் அதே அளவுக்கு அமுக்கும். கிளட்ச்சை 'டபக்' என்று விட்டால் இன்னும் அதிகம். வழக்கமான திசையில் சுற்றும் எஞ்சின்களில் மேலே எழும்புவது இடப்பக்கம். அதனால் அங்கேதான் ரப்பர் முதலில் கிழியும்.

கிழிந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பார்த்தது. 1965 முதல் 1969 வரையிலான பல செவர்லே கார்களில் மவுண்டிங் ரப்பர் பிய்ந்து, எஞ்சின் எழும்பி, ஆக்ஸிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திறந்துவிட்டது. பெடலிலிருந்து காலை எடுத்தாலும் வண்டி சீறியது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எஞ்சின் எழும்பாமல் பிடித்து வைக்க ஒரு கட்டு போட்டுக் கொடுத்தது.

அதிலிருந்து கற்ற பாடம் எளிமையானது. மவுண்டிங் வாங்கும்போது ரப்பரை மட்டும் பார்க்காதீர்கள், இரும்பையும் பாருங்கள். ரப்பர் முழுதாகப் பிய்ந்தாலும், மேல் தகடும் கீழ் தகடும் ஒன்றையொன்று கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் வகையே பாதுகாப்பானது.

வெல்டிங் போட இடம் எங்கே?

பாய் அடுத்துச் சொன்னது அம்பாசிடரின் உடம்பைப் பற்றி. "இதுக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் கெடையாது தம்பி. பாடியேதான் சேஸிஸ். தகட்டுல பிராக்கெட்ட ஒட்டினா, கொஞ்ச நாள்ல தகடே கிழிஞ்சுக்கும்."

வேறு எஞ்சினை உட்கார வைப்பதென்றால் இன்னும் நிறைய பார்க்க வேண்டும். ஆயில் சம்ப் கிராஸ் மெம்பரிலோ ஸ்டியரிங்கிலோ இடிக்கக் கூடாது. ஃபேன் ரேடியேட்டரைத் தொடக் கூடாது. எஞ்சின் ரப்பர் மேல் ஆடும் என்பதால் சைலன்ஸர் குழாய்க்கும் ஆட இடம் வேண்டும். கியர்பாக்ஸின் சாய்வு மாறினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணமும் மாறும். அப்போது ஓடும்போதும் நடுக்கம் வரும். ரப்பரை மாட்டிவிட்டு அதன் பக்கத்திலேயே வெல்டிங் வைத்தால், புது ரப்பர் அந்தச் சூட்டிலேயே கெட்டுவிடும்.

பலர் மறக்கும் இன்னொன்றும் உண்டு. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினிலிருந்து பாடிக்கு எர்த் வயரைத் தனியாகப் போடாவிட்டால், ஸ்டார்ட்டர் இழுக்கும் கரன்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் போய் அதைச் சூடாக்கிப் பொசுக்கிவிடும்.

ஆகவே பாயின் விதி ஒன்றுதான்: மவுண்டிங் எந்த எஞ்சினுக்குக் கிடைக்கிறதோ, அதுதான் உன் வண்டிக்கான எஞ்சின். அம்பாசிடருக்கு மாற்று எஞ்சின் என்றால், கம்பெனியே பொருத்திய எஞ்சினைத்தான் முதலில் தேட வேண்டும். அதுவும் அந்த வண்டியின் பிராக்கெட், கிராஸ் மெம்பர், கியர்பாக்ஸ் மவுண்டிங் எல்லாம் சேர்ந்து செட்டாகக் கிடைத்தால் மட்டும்.

ஆர்.சி-யும் பேச வேண்டும்

இதற்கு மேல் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி-யில் இருப்பதற்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். எனவே எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்பதுதான் முறை.

50 வருடம் ஆன வண்டிகளை 'வின்டேஜ்' எனப் பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. எஞ்சினிலோ பாடியிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு அந்தத் தகுதி கிடைக்காது. 1978 மாடலுக்கு 2028-ல் 50 வயது. ஆனால், வின்டேஜ் பதிவு வாங்கிய வண்டியைக் கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. "எங்கம்மாவுக்கு வின்டேஜ் வேணாம், பௌர்ணமிதான் வேணும்" என்று அவர் சிரித்தாராம்.

பானெட்டைத் திறந்தபோது

கடைசியில்தான் பாய் பானெட்டைத் திறந்தார். ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, முதல் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சமாக விடச் சொன்னார். வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று பார்த்தார். இடப்பக்கம் எஞ்சின் 'டங்' என்று எழும்பிவிட்டு விழுந்தது.

அந்த மவுண்டிங் பாதிக்கு மேல் கிழிந்திருந்தது. டேப்பட் கவரிலிருந்து பல வருடமாகக் கசிந்த ஆயில் ரப்பரில் இறங்கி, அது ஊறிப்போய்க் கிடந்தது. கியர்பாக்ஸுக்கு அடியில் இருந்த ரப்பரோ கல்லாக இறுகியிருந்தது. ஒன்று பிடிக்கவில்லை, இன்னொன்று நடுக்கத்தைத் தடுக்கவில்லை.

"மூணு ரப்பரையும் மாத்துவோம். அதுக்கப்புறமும் எஞ்சின் மாத்தணும்னு தோணுச்சுன்னா சொல்லு" என்றார் பாய்.

முதலில் டேப்பட் கவருக்குப் புது கார்க் பேக்கிங். கசிவை நிறுத்தாமல் ரப்பரை மாற்றுவது வீண். அடுத்து புதுப்பேட்டையில் அலைந்து, இதே மாடலுக்கான மூன்று மவுண்டிங்குகள். பார்க்கப் புதிதாக இருந்தாலும் பல வருடம் கடையில் கிடந்து வெடிப்பு விட்டவற்றை, வளைத்துப் பார்த்தே பாய் ஒதுக்கிவிட்டார். செயின் பிளாக்கில் எஞ்சினைத் தூக்கி மாட்டினார்கள். எஞ்சினின் முழு எடையும் ரப்பரில் இறங்கிய பிறகுதான் போல்ட்டுகளைக் கடைசி முடுக்கு முடுக்கினார்கள். மூன்று ரப்பருக்கும் ஆன செலவு, டீசல் எஞ்சினுக்கு எடுத்து வைத்த அட்வான்ஸில் ஒரு சிறு பகுதி.

அடுத்த பௌர்ணமிக்கு அம்மாவைச் சமாதானப்படுத்தித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. மீஞ்சூர் தாண்டியதும் வழக்கம்போல லாரி வரிசை. வண்டி நின்றது. பத்து நிமிடம் கழித்துப் பின் ஸீட்டிலிருந்து குரல் வந்தது: "ஏன்டா, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?"

ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இனி என்ன?

புகை நிற்கவில்லை. ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவாக இருக்கிறது. அதற்கு எஞ்சினை இறக்கி, போரிங் போட்டு, பிஸ்டன் மாற்ற வேண்டும். செய்யத்தான் போகிறார். ஆனால், இப்போது அது வேறு முடிவு. அப்பா வாங்கிய எஞ்சின், அதே எஞ்சின் நம்பர், அதே இடம். ஆர்.சி-யில் ஓர் எழுத்தும் மாறாது.

உங்கள் வீட்டிலும் நடுங்கும் பழைய வண்டி ஒன்று இருந்தால், எஞ்சினுக்குத் தீர்ப்பு எழுதும் முன் மவுண்டிங்கைப் பாருங்கள். நின்றால் நடுங்கி ஓடினால் குறைகிறதா? கியர் போடும்போது 'டங்' என்று தட்டுகிறதா? கியர் லீவர் தானாக ஆடுகிறதா? இவை முதலில் சுட்டுவது ரப்பரைத்தான்.

அந்த வேன் டீசல் எஞ்சினை வேறு ஒருவர் வாங்கிப் போய்விட்டாராம். செய்தி வந்ததும் பாய் விலையைக் கேட்கவில்லை. "எந்த வண்டிக்காம்? மவுண்டிங் பார்த்தாங்களா?" என்றுதான் கேட்டார்.